ஆலயத்தில் அவர்களுக்கு இடம் உண்டா? தன்பாலீர்ப்பு குறித்துச் சபையார் கேட்கும் கேள்விகள்

இதை எழுதுகிறவர் யார்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான். போதகன் அல்ல, இறையியல் பட்டமும் கிடையாது. மனப்பாட வசனப் போட்டியில் ஆண்டு தவறாமல் பரிசு வாங்கிய மாணவன் ஒருவன் எனக்கு இருந்தான். பத்தொன்பது வயதில், தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொன்னான். அதன்பிறகு அவனுக்கு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். அன்றிலிருந்து பெற்றோர், வாலிபர், ஓரிரு போதகர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் ஆராதனை முடிந்து, செருப்பு போடும் இடத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

அவர்களை என்ன சொல்லி அழைப்பது?

தன்பாலீர்ப்பாளர், அல்லது தன்பாலீர்ப்பு கொண்டவர். திருநங்கையரும் திருநம்பியரும் வேறு. அது பாலினம் பற்றியது, இது ஈர்ப்பு பற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. எந்தச் சொல்லும் வராவிட்டால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். "அந்த மாதிரி ஆள்" என்பது மட்டும் வேண்டாம்.

வேதம் தெளிவாகக் கண்டிக்கிறதே, இதில் பேச என்ன இருக்கிறது?

வேதாகமத்தில் இதுபற்றி நேரடியாக எடுத்துக்காட்டப்படும் பகுதிகள் ஆறு அல்லது ஏழு. அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் சோதோம். ஆதியாகமம் 19இல் ஊர் ஆண்கள் கூட்டமாக வந்து, லோத்தின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்யக் கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். அது வன்முறை, ஈர்ப்பு பற்றிய கதை அல்ல. சோதோமின் பாவம் என்னவென்று எசேக்கியேல் 16:49 பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது: "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்". அதோடு, சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டு. மறுவசனத்தில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் வருகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசி முதலில் எண்ணுவது நிரம்பிய வயிற்றையும் மூடிய கையையும். நான் பல கன்வென்ஷன் பந்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். சோதோம் என்ற சொல்லைக் கேட்காத பந்தல் குறைவு. ஆகாரத்திரட்சியைப் பற்றிய பிரசங்கத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுத்து லேவியராகமம் 18:22. "அது அருவருப்பானது" என்று முடியும் வசனம். சிலர் இதற்குப் பதிலாக 11ஆம் அதிகாரத்தை வீசுவார்கள்: சிறகும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிரும் அருவருப்புதானே, நம் கடற்கரைச் சபைகளில் இறாலும் நண்டும் தின்னாதவர் யார் என்று. கேட்கச் சுவையாக இருக்கும். முழுப் பதில் ஆகாது. தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் வந்தாலும் எபிரேயத்தில் அவை வெவ்வேறு சொற்கள். நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: லேவியராகமத்தின் எந்தக் கட்டளையை இன்றும் வைத்திருக்கிறோம், எதை விட்டோம், அதை யார் தீர்மானித்தது? "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதும் அதே புத்தகத்தின் அடுத்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் அதிகம் எடுக்கப்படுவது 1 கொரிந்தியர் 6:9. ஆலயத்தில் நாம் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பவர் திருப்புதலில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று வாசிக்கிறோம். முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது "மாலக்கோய்". நேர்ப்பொருள் "மென்மையானவர்கள்". அதை ஒருவர் சுயபுணர்ச்சி என்று பெயர்த்தார், இன்னொருவர் வேறுவிதமாகப் பெயர்த்தார். இரண்டாவது சொல் ஆண், படுக்கை என்ற இரண்டையும் ஒட்டியது. பவுலுக்கு முன்பு யாரும் எழுதியதாகக் கிடைக்கவில்லை. அவர் லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து அதை உண்டாக்கியிருக்கலாம் என்பது பாரம்பரிய விளக்கத்துக்கு வலுச்சேர்க்கும் வாதம். அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

அடுத்தது ரோமர் 1:26, 27. படைத்தவரை விட்டு விக்கிரகங்களுக்குப் போனவர்களின் வீழ்ச்சியாகப் பவுல் ஓரினச் சேர்க்கையை வருணிக்கிறார். வாசிப்பவன் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டே வருவான். அதிகாரம் திரும்பியதும் அடி அவன்மேல் விழும்: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." முதல் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிடுகிறவர்களுக்கு இந்த வசனம் கண்ணில் படுவதில்லை.

என் முடிவு இதுதான். இந்தப் பகுதிகள் பேசுவது பலாத்காரத்தையும் விக்கிரக வழிபாட்டையும் அடக்கமற்ற இச்சையையும். ஒருவருக்கொருவர் உண்மையாக ஒரே வீட்டில் வாழும் இருவரைப் பற்றி அவை பேசவில்லை. எங்கள் போதகர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எந்தச் சூழலிலும் அது பாவமே என்பது அவர் வாசிப்பு, அதற்கு இரண்டாயிரம் ஆண்டுத் திருச்சபை மரபின் துணையும் உண்டு. நாங்கள் இருவரும் இதைப் பேசிப் பேசி டீ ஆறிப்போன நாட்கள் பல. ஆனால் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தலாமா, அடிக்கலாமா, பொய்க் கலியாணம் கட்டிவைக்கலாமா என்ற கேள்விகளில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. வசனத்தின் பொருள் முடிவாகும்வரை அவற்றைத் தள்ளிவைக்க முடியாது.

விலக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டதாக வேதத்தில் ஏதாவது உண்டா?

அப்போஸ்தலர் 8. எத்தியோப்பிய மந்திரியின் கதை நமக்கெல்லாம் தெரியும். ஞாயிறு பள்ளியில் நானே இரதம் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் தமிழில் "மந்திரி" என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்கம் சொல்வது அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவர், என்று. மொழிபெயர்ப்பில் அவருடைய உடலின் கதை மறைந்துவிட்டது. எத்தனையோ ஆண்டுகள் எனக்கே தெரியாது.

உபாகமம் 23:1இன்படி அப்படிப்பட்டவர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. ஆனாலும் அவர் எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்த் திரும்புகிறார், வழியில் ஏசாயா 53ஐ வாசிக்கிறார். இன்னும் மூன்று அதிகாரம் புரட்டினால் ஏசாயா 56இல் அவருக்கென்றே ஒரு வரி காத்திருக்கிறது: "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." அவர்களுக்குக் குமாரரையும் குமாரத்திகளையும்விட உத்தம இடம் தருவேன் என்கிறார் கர்த்தர். தண்ணீரைக் கண்டதும் மந்திரி, இரதத்தில் ஏறி வசனத்தை விளக்கிய பிலிப்புவிடம் கேட்பது, ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று. பிலிப்பு விசுவாசத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறான், உபாகமத்தை எடுக்கவில்லை.

அண்ணகனும் தன்பாலீர்ப்பாளனும் ஒன்றல்ல. ஆனால் சட்டப் புத்தகம் வெளியே நிறுத்திய ஒருவரைச் சபை எப்படி உள்ளே எடுத்தது என்பதற்கு இதைவிடத் துலக்கமான கதை எனக்குத் தெரியவில்லை.

"நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்று இயேசுவே சொன்னாரே?

சொன்னார், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம். கல்லை எல்லாரும் கீழே போட்டுவிட்டுப் போன பிறகு, "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்ற பிறகு. கையில் கல்லோடு நிற்கிறவர் சொல்ல வேண்டிய வசனம் அல்ல அது.

பாவத்தை வெறு, பாவியை நேசி என்பதுதானே வேதத்தின் போதனை?

அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதமொன்றில் இதன் வேர் இருக்கிறது. நம் நாட்டில் பரவியது காந்தியின் சத்திய சோதனையால். அவரும் புரிந்துகொள்ள எளிது, நடப்பது அரிது என்றே சேர்த்து எழுதினார். நடைமுறையில் நான் பார்த்தது: வெறுப்பு அன்றைக்கே வந்துவிடுகிறது, நேசம் அடுத்த மாதக் கமிட்டிக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

மற்றத் திருச்சபைகள் என்ன சொல்கின்றன?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஓரினச் சேர்க்கையை ஒழுங்கற்றது என்கிறது. அடுத்த பத்தியிலேயே இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எதையும் தவிர்க்க வேண்டும் என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் விமானத்தில் நிருபர்களிடம், தீர்ப்பிட நான் யார் என்று கேட்டது உலகமெங்கும் செய்தியானது. 2023 டிசம்பரில், திருமணத்தோடு குழப்பிக்கொள்ளாத எளிய ஆசீர் வழங்கலாம் என்று வத்திக்கான் அனுமதித்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் எங்களால் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற போதனை மாறவில்லை.

நம் தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் உலகக் கூட்டான ஆங்கிலிக்க ஐக்கியத்தில் உறுப்பு. அந்த ஐக்கியத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில் நிறைவேற்றிய தீர்மானம் இன்றும் மேற்கோளாகிறது. அதன் ஒரு பாதி, ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்கிறது. மறுபாதி, இவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், இவர்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள் என்று உறுதி சொல்கிறோம் என்கிறது. முதல் பாதியை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டாம் பாதிக்காக ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கிய சபை எங்கள் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இது மேல்நாட்டிலிருந்து வந்த கலாசாரம்தானே? சட்டம் என்ன சொல்கிறது?

ஈர்ப்பு எந்தக் கப்பலிலும் வரவில்லை. கப்பலில் வந்தது தண்டனைதான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் கொண்டுவந்த சட்டத்தின் வழித்தோன்றலே 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக இடம்பிடித்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியபோது, எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல அது. 2013இல் பிரிவு உயிர்பெற்றது. அப்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலீர்ப்பாளர்களை நாங்கள் குற்றவாளிகளாகக் கருதியதே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்து நடத்தும் வாழ்வு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்ட வழக்கில் 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை.

ஜெபமும் உபவாசமும் இருந்தால் மாறிவிடுமா?

இங்கேதான் என் பங்கைச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவனை வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவரிடம் விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் உபவாசம். மூன்றாம் நாள் ராத்திரி, ஜன்னல் அடைத்த அறையில், ஊழியக்காரர் அவன் நெற்றியில் கைவைத்து அழுத்த, நான் பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தேன். விழுந்தால் தாங்குவதற்கு என்றார்கள். சட்டை வியர்வையில் நனைந்து எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவன் விழவில்லை. ஆவி பிடிவாதமாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் அழுத்தினார்கள். கடைசியில் அவன் தானாகவே முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தான். அறையில் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அவன் களைத்துப்போய்த்தான் உட்கார்ந்தான் என்பது தோளைப் பிடித்திருந்த எனக்குத் தெரியும். நானும் அல்லேலூயா சொன்னேன்.

எதுவும் மாறவில்லை. மாறாது என்பதை இந்த வேலையையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் ஒப்புக்கொண்டாயிற்று. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, பல ஆயிரம் பேரை மாற்றிக்காட்டுவதாகச் சொல்லிவந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012இல், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்றார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார்கள்.

இங்கே 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், ஈர்ப்பை மாற்ற மருத்துவம் செய்வதைத் தடை செய்தார். தீர்ப்புக்கு முன் அவர் செய்ததுதான் எனக்குப் பாடம்: இதுபற்றித் தனக்குச் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், அதைத் தீர்ப்பிலும் எழுதினார். மறு ஆண்டே இப்படிப்பட்ட மருத்துவம் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஜெபியுங்கள். உங்கள் பயம் நீங்க ஜெபியுங்கள், பிள்ளையோடு உட்கார்ந்தும் ஜெபியுங்கள். தோளைப் பிடிக்க ஆள் வைக்காதீர்கள்.

ஒரு கலியாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்: வேண்டாம்.

உங்கள் மகனை மட்டும் நினைக்கிறீர்கள். அந்தக் கலியாணத்தின் மறுபக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். தன்னிடம் என்ன குறை என்று பத்து வருஷம் கண்ணாடியைப் பார்த்து அழப்போகிறவள் அவள். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். தடை தெரிந்த அப்பாவும் அம்மாவும் முதல் வரிசையில் வாயை மூடி உட்கார்ந்திருப்பது தேவசந்நிதியில் பொய். மகளாக இருந்தால் கொடுமை இன்னும் அதிகம். அவளுக்கு மறுக்கும் வழியே விடமாட்டோம்.

என் பிள்ளை சொல்லிவிட்டது. இன்றைக்கு என்ன செய்வது?

இன்றைக்குச் சாப்பாடு போடுங்கள். எப்போதும் போடும் தட்டில், எப்போதும் உட்காரும் இடத்தில். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் "ஏன் எனக்கு இப்படிச் செய்தாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் உங்களுக்கு எதுவும் செய்யவில்லை. வளர்ப்பில் எங்கே தவறினோம் என்று தேடவும் வேண்டாம்.

அடுத்து முக்கியமானது: ஜெபக்குறிப்பு கொடுக்காதீர்கள். நம் சபைகளில் ஒரு செய்தி ஊர்முழுக்கப் போக ஜெபக்குறிப்பைவிட வேகமான வழி இல்லை. "பெரியம்மா, பெயர் சொல்லாமல் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று காலையில் சொன்னால் சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்தில் பெயரோடு ஜெபிப்பார்கள். யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யட்டும். விளங்காத காலத்தில் மரியாள் "அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து" இருந்தாள்.

கெட்டகுமாரன் கதையையும் இப்போது எடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளை ஆஸ்தியை அழித்துவிட்டு வரவில்லை. நம்பி வந்து ஓர் உண்மையைச் சொன்னது, அவ்வளவுதான். அந்த உவமையில் நமக்கு இடம் இருக்கிறது என்றால் அது வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கும் மூத்தவனின் இடம்.

பாடகர் குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ பொறுப்புக் கொடுக்கலாமா? பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா?

தன்பாலீர்ப்பும் குழந்தைகள்மீதான வன்கொடுமையும் வேறு வேறு. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே விதி வையுங்கள், நான் உட்பட.

திருவிருந்து கொடுக்கலாமா?

சபைக்குச் சபை நடைமுறை மாறும். உங்கள் போதகரிடம் கேளுங்கள். ஆனால் 1 கொரிந்தியர் 11:28 "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்கிறது. பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவனைச் சோதிக்கும் வேலை நமக்கு இல்லை.

பாத்திரத்தில் யார் வாய்வைப்பது என்ற சண்டை நமக்குப் புதிதும் அல்ல. சாதி பார்த்துத் தனியே உட்கார்ந்து, தனியே திருவிருந்து வாங்கிய சபைகள் தமிழ்நாட்டில் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களும் வசனத்தோடுதான் வாதாடினார்கள். வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு சாதிக்கு இரண்டு கூடமாகவே ஆலயம் கட்டினார்கள். யாரோடு சமமாக உட்காருவது என்று வரும்போது நம் முன்னோர்கள் எவ்வளவு தவறாக இருக்க முடிந்தது என்று தெரிந்த பிறகும், இந்த முறை நாம் சரி என்று அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்வது?

நானே தன்பாலீர்ப்பு கொண்டவன்/கொண்டவள். விசுவாசத்தையும் விட முடியவில்லை. எனக்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்களுக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். பிழைப்பும் தங்கும் இடமும் பெற்றோர் கையில் இருக்கும்வரை, வெளியே சொல்லாமல் இருப்பது கோழைத்தனமும் அல்ல, பொய்யும் அல்ல. வயது பதினெட்டு ஆகியிருந்தால் உங்களை வீட்டில் அடைத்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. வீட்டாரால் அப்படிப் பிரிக்கப்பட்ட பெண்ணொருத்தியைத் தன் விருப்பப்படி தோழியோடு போகவிட்டு, 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. உயிரை விடலாம் என்று தோன்றும் ராத்திரிகளில் 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

எங்கள் ஊருக்கு வந்தால் ஆலயத்தில் இடப்பக்கம் மூன்றாவது வரிசை என்னுடையது. பக்கத்தில் இடம் இருக்கும்.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான்?

வேறொரு மாநிலத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தாலும் ஆலயத்துக்கு வருவதில்லை. போன வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தன்று, அதாவது ஆலயத்துப் பொதுச் சாப்பாட்டு நாளில், அவன் அம்மா வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் எடுத்துப்போனேன்; அவன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் வைத்தே அந்த ராத்திரிக்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். வாளியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெளியே வந்து, அசனத்தில் இந்த வருஷமும் கத்தரிக்காய் போட்டார்களா என்று கேட்டான். போட்டார்கள் என்றேன்.